சாம்பல் இல்லாத பாய்லர்

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் விளிம்பில் தினமும் காலையில் ஒரு தடவை விரலை ஓட்டிப் பார்ப்பேன். விரல் சுத்தமாக வரும். இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து சுத்தமாகத்தான் வருகிறது. ஆனாலும் மறுநாள் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. நான் ஜன்னல் பக்கம் போவதைக் கண்டாலே என் மகள் கயல் கார்ன் ஃப்ளேக்ஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல், "இட்ஸ் க்ளீன், அம்மா" என்று சொல்லிவிடுவாள். அவளுக்குப் பதினான்கு வயது. அம்மாவுக்குச் சுத்தப் பைத்தியம் என்று தோழிகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மை அதற்கு நேர் எதிர். விரலில் கொஞ்சம் சாம்பல் ஒட்டினால் அன்றைக்கு நான் சந்தோஷமாக வேலைக்குப் போவேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது கிறுக்காகத் தோன்றும். நான் நெய்வேலியில் வளர்ந்தவள் என்று சொன்னால் பாதிப் பேருக்காவது புரியும். பழுப்பு நிலக்கரியை வெட்டி, பக்கத்திலேயே எரித்து, மின்சாரமாக்கும் ஊர் அது. காற்று எங்கள் பிளாக் பக்கம் திரும்பினால் கொடியில் காயும் பள்ளிச் சீருடை மத்தியானத்துக்குள் பழுப்பாகிவிடும். அம்மா ஒவ்வொரு துணியாக உதறி மடிப்பாள். உதறும்போது அப்பாவை ஒரு பார்வை பார்ப்பாள், அவரே ஒரு கூடையில் சாம்பலை எடுத்து வந்து கொடியில் கொட்டியது மாதிரி. அப்பா தெர்மல் மின் நிலையத்தில் பாய்லர் ஆபரேட்டர். "உன் வீட்டு ஃபேன் சுத்துதுல்ல, அதுக்கு இதான் விலை" என்பார். வாசலில் கோலம் போட்டு எழுந்திருப்பதற்குள் அதன் மேல் மெல்லிசாக ஒரு படலம் விழுந்திருக்கும். நாங்கள் அதைக் குறையாக நினைத்ததில்லை. சங்கு ஊதினால் ஷிப்ட், காற்று திரும்பினால் சாம்பல், இரண்டும் சேர்ந்ததுதான் ஊர்.

வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜையன்று, குடும்பத்தை உள்ளே விடுவார்கள். இயந்திரங்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்திருப்பார்கள். கன்ட்ரோல் ரூம் பேனலில் இத்தனை பெரிய விபூதிப் பட்டை. பொரியும் கடலையும் பொட்டலமாகக் கிடைக்கும். அப்பா என்னைத் தூக்கிப் பிடித்து, பாய்லர் சுவரில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக உள்ளே காட்டுவார். கண்ணுக்கு முன்னால் ஒரு நீலக் கண்ணாடியை வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு வீடு அளவுக்கு நெருப்பு. அந்த நிறத்தைப் பார்த்தே கரியில் ஈரம் அதிகமா, காற்று போதவில்லையா என்று அப்பா சொல்லிவிடுவார். மீட்டர் அதற்கப்புறம்தான் சொல்லும். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்ததற்கு அந்த ஓட்டைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் நான் ஹூஸ்டனில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்த்தேன். கிழக்கு டெக்ஸாஸில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேர டிரைவில், ஒரு பழைய மின் நிலையம். நம்பினால் நம்புங்கள், அதுவும் பழுப்பு நிலக்கரியில் ஓடியது. பக்கத்துச் சுரங்கத்தில் கரி மெலிந்துகொண்டே வந்தது, புகைக்கான சட்டங்களும் இறுகிக்கொண்டே வந்தன. அதனால் கரியை விட்டுவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற்றுவது என்று முடிவு செய்திருந்தார்கள். கரியைப் பொடியாக்கும் மில்களைக் கழற்ற வேண்டும், பர்னர்களை மாற்ற வேண்டும், தெற்குப் பக்கமாக எரிவாயுக் குழாய் கொண்டு வர வேண்டும். நெருப்பைக் கண்காணிக்கும் ஸ்கேனர் கருவிகளும் பர்னர் கட்டுப்பாடும் எங்கள் பொறுப்பு. எங்கள் என்றால் நானும் அன்வரும்.

முதல் நாள் அங்கே காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். மத்தியானம் திரும்பி வந்தபோது காரின் மேல் பழுப்பாக ஒரு படலம். விரலால் தொட்டுப் பார்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அழுகை வந்துவிட்டது. பத்தாயிரம் மைல் தாண்டி வந்து, இந்த ஊரை ஒழுங்காகச் சாம்பல் இல்லாமல் ஆக்குவதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அன்வருக்கு அப்போது இருபத்தாறு வயது. பரங்கிப்பேட்டைக்காரன். அவனுடைய வாப்பா கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருந்தார், நெய்வேலி மைன்ஸுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுப்பார். அந்த ஒரு தகவல் போதுமானதாக இருந்தது, முதல் வாரமே நான் அக்காவாகிவிட்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை இருவரும் ஒரே மோட்டலில் வேறு வேறு அறைகளில் தங்குவோம். அவன் ரைஸ் குக்கரில் சாதம் வைப்பான், நான் வீட்டிலிருந்து கொண்டுபோன வத்தக்குழம்பைச் சூடாக்குவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே காரில் ஹூஸ்டன் திரும்புவோம். பர்னரை எந்த வரிசையில் பற்ற வைக்க வேண்டும், எப்போது தானாக அணைய வேண்டும் என்ற லாஜிக் முழுவதும் அவன் எழுதியது. பதினொரு மாத உழைப்பு. பாய்லரில் முதன்முதலாக வாயு பற்றும்போது ஓட்டை வழியாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு சின்னப் பையனைப் போலச் சொல்லிக்கொண்டே இருந்தான். சிரிக்காமல் கேட்டுக்கொள்வேன், எனக்கும் அதே ஆசைதான்.

நிலையத்தில் எங்களோடு ஒட்டியவர் டேல் ஒருவர்தான். முப்பது வருஷமாகப் பாய்லர் ஆபரேட்டர், அப்பாவைப் போல. தடித்த கழுத்து, எப்போதும் தலையில் ஒரு தொப்பி. வாயு வந்தால் ஆட்களைக் குறைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும், ஆனால் அதை எங்கள் மேல் காட்டியதில்லை. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். வாயுவின் நெருப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்று நான் சொன்னதை அவரால் ஏற்க முடியவில்லை. பார்க்க முடியாத நெருப்பை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி வேலை செய்வது என்று தினமும் ஒரு தடவை கேட்பார்.

அந்த வருஷம் செப்டம்பரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பின் வாசலில் சோதனை கடுமையானது. அன்வரின் பையை மட்டும் இரண்டு தடவை திறந்து பார்த்தார்கள். அவன் தானே ஜிப்பைத் திறந்து நீட்டப் பழகிக்கொண்டான். அக்டோபரில் இன்னொரு பயம் சேர்ந்தது. தபால் உறையில் வெள்ளைப் பொடி வந்து சிலர் இறந்துபோயிருந்தார்கள். கடைகளில் பால் பவுடர் சிந்தினால்கூட போலீஸ் வருவதாகத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துதான் நான் செய்ததைச் செய்தேன். அதுதான் இன்று வரை எனக்கே விளங்காத விஷயம்.

ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. அப்பா ரிட்டயராகி வடலூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். பூஜைக்காக என்று ஆகஸ்டிலேயே கடிதத்தோடு கோயில் விபூதி அனுப்பியிருந்தார். தேதி காலண்டரிலிருந்து கிழித்த ஒரு தாளில் மடித்து, நாம் எல்லோரும் மடிக்கிற மாதிரியே நாலாக மடித்து, உள்ளே செருகிய பொட்டலம். அதை நான் கைப்பையில் வைத்திருந்தேன். புதிதாக வந்த பர்னர் கன்ட்ரோல் கேபினட் கன்ட்ரோல் ரூமுக்குப் பின்னால் நின்றது, இன்னும் மின்சாரம் கொடுக்காத இரும்பு அலமாரி. எங்கள் கையால் முதன்முதலாக வந்த கருவி. ஒரு பொட்டு கூட இல்லாமல் மொட்டையாக நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் ஆட்கள் போன பிறகு கதவைத் திறந்து, உள்பக்கமாக யாருக்கும் தெரியாமல் மூன்று கோடு விபூதி, நடுவில் குங்குமம். அன்வர் டார்ச் பிடித்தான். "எங்க பட்டறையிலயும் இன்னைக்குப் பூஜைதான்க்கா. வாப்பா பொரி வாங்கிக் குடுத்துட்டு, மத்தியானமே ஷட்டரைப் போட்டுடுவாங்க. பொரி இல்லாம என்ன பூஜை?" என்று ஓடிப்போய் இடைவேளை அறை மைக்ரோவேவில் ஒரு பாக்கெட் பாப்கார்ன் பொரித்துக்கொண்டு வந்தான். இருவரும் கேபினட்டுக்கு முன்னால் நின்று பாப்கார்ன் தின்றோம். அந்த நாட்டில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நேரங்கள் குறைவு. போகும்போது, மீதி விபூதி நெற்றிக்கு இல்லாமல் கருவிக்கே இருக்கட்டும் என்று பொட்டலத்தைக் கேபினட்டின் அடித்தட்டில் வைத்துவிட்டு வந்தேன். ஊரில் அப்படித்தான் வைப்போம்.

வெள்ளிக்கிழமை காலை ஓர் எலக்ட்ரீஷியன் அந்தக் கதவைத் திறந்தார்.

சைரன் ஊதியது. நெய்வேலியில் சங்கு ஊதினால் கால் தானாக வாசலுக்குப் போகும், அப்பாவின் சைக்கிள் வரும் நேரம். இங்கே எல்லோரும் வெளியே ஓடி, கார் நிறுத்தும் இடத்தில் சரளைக்கல்லில் வரிசையாக நின்றோம். என்னவென்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் முழு உடுப்பும் முகமூடியும் போட்ட இரண்டு பேர் உள்ளே போனார்கள். யாரோ வெள்ளைப் பொடி என்றார்கள். யாரோ, பொட்டலத் தாளில் அரபி மாதிரி எழுத்து என்றார்கள். அது என் பொட்டலம் என்று புரிந்து தலை குனிந்தேன். தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் பாதுகாப்பு அதிகாரி வந்து அன்வரைத் தோளில் தொட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார். பாதுகாப்பு ஆபீஸ் ஒரு நீளமான டிரெய்லர். அதன் ஜன்னல் வழியாக அன்வரின் முதுகு தெரிந்தது.

இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோகத்தான் எனக்கு ஆசை. நான் போய்ச் சொல்லவில்லை. அங்கேயே நின்றேன். ஜூலையில் என் கணவர் ரகுவுக்கு வேலை போயிருந்தது, ஐடி கம்பெனிகள் ஆட்களைக் கொத்துக் கொத்தாக அனுப்பிக்கொண்டிருந்த காலம். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். விசாவும் என்னுடையது ஒன்றுதான். கிரீன் கார்டு அப்ளை பண்ணி முதல் கட்டத்தில் நின்றது. கயல் முதல் வகுப்பு. என் வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சோதித்துப் பார்த்தால் சாம்பல் என்று தெரிந்துவிடும், அப்புறம் தானாகவே அவனை விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்றும் யோசித்தேன். டார்ச் பிடித்தவன் அவன், ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஜன்னலில் தெரிந்த முதுகு அசையவேயில்லை.

பக்கத்தில் டேல் வந்து நின்றார். நல்ல பையன், ஆனால் யாரையும் இப்போது நம்ப முடிவதில்லை என்றார். அவர் குரலில் வெறுப்பு இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது. வெறுப்பாகச் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். அப்பாவின் பாய்லரில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்டில் தப்பு நடந்தால், செய்தவர் லாக் புத்தகத்தில் தன் கையால், தன் பெயர் போட்டு எழுத வேண்டும். ஒரு தடவை அப்பா தவறான வால்வைத் திருகி ஒரு மில் நின்றுவிட்டது. பிரமோஷனுக்குக் காத்திருந்த நேரம். எழுதிவிட்டு வந்துதான் சாப்பிட்டார். அந்த வருஷம் பிரமோஷன் வரவில்லை, அதைப் பற்றி அவர் பேசியதுமில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சைரன் ஊதி நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. அந்த நாற்பது நிமிஷமும் என்னுடையது, வேறு யார் கணக்கிலும் எழுத முடியாது. டிரெய்லரை நோக்கி நடந்தேன்.

உள்ளே மேஜை மேல் பொட்டலத்தின் ஃபோட்டோ இருந்தது, விரித்து எடுத்தது. காலண்டர் தாளின் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. அன்வரிடம் அதைப் படித்து மொழிபெயர்க்கச் சொல்லியிருந்தார்கள். பாவம், படித்தவன் உண்மையையே சொல்லியிருக்கிறான். நல்ல நேரம், பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை. சூலம், தெற்கு. சூலம் என்றால் என்ன என்று கேட்டதற்கு மூன்று முனை ஈட்டி என்று சொல்லியிருக்கிறான். அதிகாரி அதையெல்லாம் மஞ்சள் தாளில் வரிசையாக எழுதிவைத்திருந்தார். தெற்குப் பக்கம்தான் எங்கள் எரிவாயுக் குழாய். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தரை. அந்த அறையில் இருந்த மூன்று அமெரிக்கர்களும் கடிகாரத்தையும் அன்வரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஒரு நாளில் இதைச் சொல்லி நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

அது என்னுடையது, சாம்பல் என்றேன். பாய்லர் சாம்பலா என்று கேட்டார் அதிகாரி. இல்லை, பூஜைச் சாம்பல். எதை எரித்த சாம்பல்? பசுஞ்சாணம் என்றேன். அவர் பேனாவை மேஜை மேல் வைத்தார். கன்ட்ரோல் கேபினட்டுக்குள் எரித்த மாட்டுச் சாணியை வைத்தாயா என்று நிதானமாகக் கேட்டார். ஆமாம் என்றேன். ஏன்? அது நன்றாக வேலை செய்ய வேண்டும் என்பதற்காக. நாற்பது வருஷமாக டன் கணக்கில் சாம்பலைக் கக்கிய ஒரு நிலையம், ஒரு சிட்டிகை சாம்பலைக் கண்டு வாசலில் நின்றது. அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

வெளியே வந்ததும் அன்வர் தண்ணீர் குடித்தான். ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்களே வருவீங்கன்னு தெரியும்க்கா. நான் சொன்னா காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும்ல."

நான் வர நாற்பது நிமிஷம் ஆனதை அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சோதனை முடிவு வர மூன்று நாள் ஆனது. சாம்பல், ஆபத்தில்லை. எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை, மறுநாளே வேலைக்கு வரலாம் என்றார்கள். மதச் சடங்கில் ஏற்பட்ட புரிதல் குறைபாடு என்று கடிதத்தில் அழகாக எழுதியிருந்தார்கள். அன்வரின் அடையாள அட்டையை மட்டும் திருப்பித் தரவில்லை. பரிசீலனை முடியும் வரை என்றார்கள். வைத்தவள் நான், டார்ச் பிடித்தவன் அவன். என்னை உள்ளே விட்டார்கள், அவனை வாசலில் நிறுத்தினார்கள். நான் மேலாளரிடம் போய்ச் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள், எல்லோரும் மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசினார்கள். பரிசீலனை முடியவேயில்லை. நவம்பரில் எங்கள் கம்பெனி அவனைக் கலிபோர்னியா ஆபீஸுக்கு மாற்றியது. மோட்டலைக் காலி செய்த அன்று ரைஸ் குக்கரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அன்று பார்த்து வத்தக்குழம்பு மீந்துபோனது.

கடைசிக் கரி நெருப்பை அணைத்த அன்று டேல் ஓட்டை வழியாக நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க வேலை நடந்தது. மில்களைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். கரி வரும் பெல்ட் நின்றுபோனது. பாய்லருக்கு அடியில் சாம்பல் கொட்டும் வாய்களை இரும்புத் தகடு வைத்து அடைத்தார்கள். என் கார் நாளுக்கு நாள் சுத்தமாகிக்கொண்டே வந்தது.

பிப்ரவரியில் வாயுவைப் பற்ற வைத்தோம். நான் யாரையும் கேட்கவில்லை. கன்ட்ரோல் ரூம் டெலிஃபோனிலிருந்து கலிபோர்னியாவுக்கு அன்வரைக் கூப்பிட்டு, ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். ஷிப்ட் மேலாளர் பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். பற்ற வைப்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் பாய்லருக்குள் வெறும் காற்றை ஊத வேண்டும். உள்ளே தங்கிய வாயு ஏதாவது இருந்தால் வெளியேறட்டும் என்று. அந்த ஐந்து நிமிஷமும் ரிசீவரில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவன் எழுதிய வரிசைப்படியே ஒவ்வொரு விளக்காகப் பச்சைக்கு மாறியது. தரைக்கு அடியிலிருந்து ஓர் உறுமல் வந்தது. திரையில் நெருப்பு இருக்கிறது என்று காட்டியது. மேலே ஓட்டைக்குப் பக்கத்தில் நின்ற டேல், ஒன்றுமே தெரியவில்லை, அணைந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஸ்கேனர் என்னக்கா சொல்லுது?"

"எரியுதுன்னு சொல்லுது. டேல் ஒண்ணும் தெரியலங்கறார்."

"அப்ப எரியுது. தொப்பியால வெளிச்சத்த மறைச்சிக்கிட்டு ஓரமாப் பாக்கச் சொல்லுங்க. நீலமா, லேசாத்தான் தெரியும்."

சொன்னேன். ரேடியோவில் கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு டேல், ஆமாம், பார்த்துவிட்டேன், கொஞ்சம்போல நீலம் என்றார். அன்வரிடம் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். அப்புறம், தன் சார்பாகவும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றான். நான் மேலே ஏறிப் போனேன். அப்பா தூக்கிப் பிடித்த உயரத்தில்தான் அந்த ஓட்டை இருந்தது, ஆனால் நீலக் கண்ணாடி தேவைப்படவில்லை. உள்ளே நெருப்பே நீலம், அதுவும் இருக்கிறதா இல்லையா என்கிற அளவில். அவன் பதினொரு மாதம் உழைத்ததை அவனுக்குப் பதிலாக நான் பார்த்தேன். சந்தோஷமாக இல்லை.

அன்று வீட்டிலிருந்து அப்பாவுக்கு ஃபோன் பண்ணினேன். புகைபோக்கியில் புகையே இல்லை, சாம்பலே விழாது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"சாம்பல் விழாத பாய்லரா? அப்புறம் எரிஞ்சதுக்கு என்னம்மா சாட்சி?" என்றார்.

ஒப்பந்தம் முடிந்து நான் கிளம்பிய நாளில் பாதுகாப்பு அதிகாரி என்னை டிரெய்லருக்குக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். சோதனைக்கூடத்திலிருந்து திரும்பி வந்ததாம். எங்கள் மத விஷயம் என்பதால் தூக்கிப் போட மனமில்லை என்றார். அவர் கெட்டவர் இல்லை. வாயை டேப் போட்டு ஒட்டி, திறக்கக் கூடாது என்று அச்சடித்த பை. உள்ளே காலண்டர் தாளும் விபூதியும். மேலே ஒட்டிய சீட்டில், அடையாளம் தெரியாத பொடி, ஆபத்தற்றது என்று ஆங்கிலத்தில். அதற்குக் கீழே, யாரிடமிருந்து பெறப்பட்டது என்ற கட்டத்தில், அன்வரின் முழுப் பெயர். அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அடியில் என் பெயரை எழுதியிருந்தார்கள்.

அந்தப் பை எட்டு வருஷமாக எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது. வேறு எங்கே வைப்பது? விபூதியைக் குப்பையில் போட முடியாது. நெற்றியில் இட்டுக்கொள்ளலாம் என்றால் அந்த டேப்பைப் பிரிக்கக் கை வரவில்லை. இதற்கிடையில் ரகுவுக்கு வேலை கிடைத்தது, எங்களுக்கு கிரீன் கார்டு வந்தது, வீடு வாங்கினோம். டேல் ரிட்டயராகிவிட்டார், கிறிஸ்துமஸ் கார்டு அனுப்புவார். அன்வர் கல்யாணம் பண்ணிக்கொண்டு கலிபோர்னியாவிலேயே, லிவர்மோரில் இருக்கிறான். ஆயுத பூஜையன்று தவறாமல் கூப்பிட்டு, பாப்கார்ன் பொரித்தீர்களா என்பான். பையைப் பற்றி அவனிடம் நான் சொன்னதே இல்லை.

போன மாதம் ஹூஸ்டனில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவன், மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டு முடித்ததும், கயல் சும்மா இருக்காமல் பையை எடுத்து வந்து, தாளில் என்ன எழுதியிருக்கிறது, அங்கிள் உங்களுக்குப் படிக்கத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்குத் தமிழ் புரியும், எழுத்து தெரியாது. எனக்குத் தட்டு கழுவும் இடத்தில் கை நின்றுவிட்டது. அவன் பையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, அவளுக்காகச் சத்தமாகப் படித்தான். நல்ல நேரம் பத்தே முக்கால். சூலம் தெற்கு. அன்று அந்த அறையில் அவன் இதைப் படித்த குரலை நான் கேட்டதில்லை. எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் கேட்டேன். "எமகண்டம்னு ஒண்ணு இருக்குது பாருங்க, அத மட்டும் அன்னைக்கு முழுங்கிட்டேன்க்கா. படிச்சிருந்தா நேரா ஜெயில்தான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் பையைத் திருப்பினான், சீட்டு கண்ணில் பட்டது.

நான் ஈரக் கையோடு பக்கத்தில் போய் நின்றேன். அன்று நாற்பது நிமிஷம் வெளியே நின்றேன், அன்வர், உடனே வரவில்லை என்றேன். தெரியும் என்று தலையாட்டினான். எதிரே சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் என் நிழல் தெரிந்ததாம், அதைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தானாம். சீட்டில் தன் பெயர் மேல் கட்டைவிரலை ஒரு தடவை ஓட்டினான், நான் ஜன்னல் விளிம்பில் ஓட்டுவது மாதிரி.

"ஒரு கோடுதான்க்கா போட்டிருக்காங்க. நல்லாப் படிக்க முடியுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பையை அவனே கொண்டுபோய் அலமாரியில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், முன்பு இருந்த இடத்திலேயே வைத்தான். சீட்டு வெளியே தெரியும்படி வைத்தான். நான் இன்னும் அதைத் திருப்பி வைக்கவில்லை. காலையில் ஜன்னல் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுத்தமான விரலோடு அதற்கு முன்னால் போய் நிற்கிறேன். இரண்டு பெயரையும் படித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன்.